பெர்லின் மட்கலங்களில் இருக்கும் ‘எஃப்’ யாருடையது?

வந்த கேள்வி இதுதான்: “இசை நடத்துநர் வில்ஹெல்ம் ஃபுர்ட்வெங்லரைத் தெரியும். அவருடைய அப்பா அடோல்ஃப் ஒரு தொல்லியல் பேராசிரியர் என்று படித்தேன். அவர் அப்படி என்ன செய்தார்? நூறு வருடம் கழித்தும் அவரைப் படிக்க வேண்டிய தேவை இருக்கிறதா?”

இருக்கிறது. இசை உலகத்தில் ஃபுர்ட்வெங்லர் என்றால் மகன். கிரேக்கச் சிற்பமோ மட்கலமோ படிப்பவர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் அப்பாதான் நினைவுக்கு வருவார். பெர்லினில் ஆல்டெஸ் மியூசியம் என்னும் பழைய அருங்காட்சியகத்தில் ஒரு கிண்ணம் இருக்கிறது. உள்வட்டத்தில் ட்ராய் போர்க் கதையின் இரண்டு கிரேக்க வீரர்கள். பட்ரோக்ளஸின் கையில் அம்புக் காயம். அக்கிலீஸ் குனிந்து கட்டுப் போடுகிறான். வலி பொறுக்காமல் பட்ரோக்ளஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறான், உதடு விலகிப் பல் தெரிகிறது. அதன் எண் எஃப் 2278. இன்னொரு கிண்ணத்தில் வெண்கலச் சிலை வார்க்கும் பட்டறை: உலை எரிகிறது, தலையில்லாத சிலை ஒன்று கிடக்கிறது, தலை தனியாகத் தரையில் இருக்கிறது. அது எஃப் 2294. அந்த ‘எஃப்’ ஃபுர்ட்வெங்லரின் முதலெழுத்து. 1885இல் அவர் அந்தச் சேகரிப்பின் மட்கலங்கள் முழுவதையும் வரிசைப்படுத்தி இரண்டு தொகுதிகளாகப் பட்டியல் வெளியிட்டார். நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். இடையில் இரண்டு உலகப் போர்கள், சேகரிப்பு கிழக்கு மேற்காகப் பிரிந்தது, மறுபடி சேர்ந்தது. எண்களை மட்டும் யாரும் மாற்றவில்லை.

நான் இந்தப் பட்டியலிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. அவரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் கிரேக்கத் தீவான ஏகினாவின் அகழாய்விலிருந்தோ அதீனா தேவியின் சிலையிலிருந்தோ தொடங்குவார்கள். ஆனால் அந்த மனிதருடைய பலம் எங்கே உருவானது என்று கேட்டால், ஆயிரக்கணக்கான சின்னப் பொருள்களைக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, அளந்து, ஒவ்வொன்றுக்கும் நாலு வரி எழுதிய அந்த வருடங்களில்தான் என்பேன். சில காலம் அகழாய்வுக் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பானை ஓடுகளைக் கழுவி, காயவைத்து, உட்புறத்தில் மையால் எண் எழுதும் வேலை செய்திருக்கிறேன். மூன்றாவது வாரத்தில் விளிம்பைத் தொட்டதுமே எந்த வகை என்று விரல் சொல்லிவிடும். ஃபுர்ட்வெங்லரிடம் அந்த விரல் அறிவு பத்து மடங்கு, நூறு மடங்கு இருந்தது.

பிறந்தது 1853 ஜூன் 30, ஃப்ரைபுர்க் நகரத்தில். அப்பா கிரேக்க, லத்தீன் அறிஞர், பள்ளித் தலைமையாசிரியர். வீட்டிலேயே பழைய மொழிகள். ஃப்ரைபுர்க், லைப்சிக் இரண்டிலும் படித்துவிட்டு மியூனிக் வந்தார். அங்கே கிடைத்த ஆசிரியர் ஹைன்ரிச் ப்ருன். இந்தச் சந்திப்பு முக்கியம்.

அந்தக் காலத்து ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் செவ்வியல் தொல்லியல் என்பது மொழியியலின் வால் மாதிரி இருந்தது. முதலில் ரோமானிய எழுத்தாளர் பிளினியைப் படிப்பார்கள், கிரேக்கப் பயண எழுத்தாளர் பௌசானியஸைப் படிப்பார்கள். நூலில் இன்ன சிற்பி இன்ன சிலை செய்தார் என்றிருக்கும். பிறகு அதற்குப் பொருந்துகிற சிலையைத் தேடுவார்கள். ப்ருன் இந்த வரிசையைத் திருப்பினார். முதலில் பொருளைப் பார். இமை எப்படிச் செதுக்கப்பட்டிருக்கிறது, துணி மடிப்பு எங்கே விழுகிறது, எடை எந்தக் காலில் நிற்கிறது, இதையெல்லாம் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்குப் போ என்றார். இளைஞர் ஃபுர்ட்வெங்லர் இதை அப்படியே பிடித்துக்கொண்டார். 1874இல், 21 வயதில், மட்கல ஓவியங்களில் ஈரோஸ் (கிரேக்கக் காதல் கடவுள்) என்ற தலைப்பில் முனைவர் பட்டம். பிறகு ஜெர்மன் தொல்லியல் நிறுவனத்தின் உதவித்தொகையில் இத்தாலியும் கிரேக்கமும்.

1878இல் ஒலிம்பியா, பழைய ஒலிம்பிக் போட்டிகள் நடந்த கிரேக்கத் தலம். அங்கே 1875 முதல் ஜெர்மானியர்கள் அகழாய்வு செய்துகொண்டிருந்தார்கள். கிடைப்பதெல்லாம் கிரேக்க நாட்டுக்கே சொந்தம் என்று ஒப்பந்தம் போட்டுத் தொடங்கிய அகழாய்வு அது; அந்தக் காலத்தில் அது புதிய வழக்கம். இவர் போவதற்கு முன்பே பையோனியஸ் செய்த வெற்றித் தேவதை நைக்கி, ப்ராக்ஸிடெலிஸ் செய்ததாகச் சொல்லப்படும் ஹெர்மஸ் என்று பெரிய பளிங்குச் சிலைகள் கிடைத்துப் பத்திரிகைகளில் எல்லாம் வந்துவிட்டன. இவர் கைக்கு வந்தது மிச்சம்: வெண்கலத் துண்டுகள். பக்தர்கள் நேர்ந்துகொண்டு போட்ட விரலளவு குதிரைகள், காளைகள், முக்காலி அண்டாவின் கால்கள், கேடயப் பட்டைகள், ஊசிகள். ஆயிரக்கணக்கில்.

அவர் அவற்றைப் பிரித்தார். எந்த அலங்காரம் எதனோடு சேர்ந்து வருகிறது, எது மண்ணில் கீழே கிடந்தது, எது மேலே கிடந்தது என்று குழு குழுவாக வைத்துப் பார்த்தார். எழுத்தே இல்லாத ஒரு காலத்துக்கு, கிரேக்கக் கலை கோடும் கட்டமுமாக இருந்த ஆரம்ப நூற்றாண்டுகளுக்கு, ஒரு வரிசை கிடைத்தது. 1879இல் முதல் கட்டுரை. 1890இல் ஒலிம்பியா வெளியீட்டின் நான்காம் தொகுதியாக வெண்கலங்கள் பற்றிய முழு நூல். அந்தச் சின்னக் குதிரைகள் அவர் கையில் காலக்கணக்காக மாறின.

அதே 1879இல் இன்னொரு வேலையும் வெளிவந்தது. எனக்கு அவருடைய நூல்களிலேயே மிகவும் பிடித்தது இதுதான். மூன்று வருடத்துக்கு முன்பு ஹைன்ரிச் ஷ்லீமன் கிரேக்கத்தின் பழைய கோட்டை நகரமான மைசீனியில் தோண்டிப் பொன் முகமூடிகளை எடுத்திருந்தார். ட்ராய் போரில் கிரேக்கப் படைக்குத் தலைவனான அகமெம்னோனின் கல்லறை என்று அவர் முழங்கினார். மறுபக்கம், இந்தக் கல்லறைகள் கி.பி. 3ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்துக்குள் படையெடுத்து வந்த ஹெரூலிகளுடையவை என்று வாதிட்ட அறிஞர்கூட இருந்தார். அதாவது, ஒரே கல்லறைக்கு இரண்டு தரப்பும் சொன்ன காலத்துக்கு நடுவில் ஆயிரத்தைந்நூறு ஆண்டு இடைவெளி! எல்லாரும் பொன்னையே பார்த்துக்கொண்டிருந்தபோது, ஃபுர்ட்வெங்லரும் அவருடைய நண்பர் கேயோர்க் லோஷ்கேயும் உடைந்த பானைகளைக் கேட்டார்கள். அந்தக் கல்லறைகளில் கிடைத்த மட்கலங்களைப் படங்களோடு வெளியிட்டார்கள். 1886இல் மைசீனிய மட்கலங்கள் பற்றி இன்னும் பெரிய நூல். மங்கலான வண்ணம் பூசியவை, பளபளக்கும் வண்ணம் பூசியவை என்று முதலில் இரண்டாகப் பிரித்தார்கள். பளபளப்பானவற்றை வளர்ச்சி நிலைப்படி நான்கு பாணிகளாக அடுக்கினார்கள். ரோட்ஸ், சைப்ரஸ், இத்தாலி, எகிப்து என்று எங்கெங்கே அதே மாதிரி ஓடு கிடைத்ததோ எல்லாவற்றையும் சேர்த்து வைத்தார்கள். அவர்கள் அடுக்கிய வரிசை பின்னால் நுணுக்கப்பட்டது, உட்பிரிவுகள் கூடின. ஆனால் கிரேக்கத்துக்கு முந்திய கிரேக்கத்துக்கு ஓடுகளை வைத்துக் காலம் கணிக்கலாம் என்பது அங்கே நிலைபெற்றது.

இந்த இடத்தில் நம் ஊர் வரை வரும் ஓர் இழையைச் சொல்லாமல் போக முடியாது. லோஷ்கே பின்னால் பேராசிரியரானார். அவருடைய மாணவர் ஹான்ஸ் டிராகன்டோர்ஃப். ரோமானியச் சிவப்புப் பளபளப்பு மட்கலங்களை வடிவப்படி எண் கொடுத்து 1895இல் வகைப்படுத்தியவர் அவர். ஐம்பது வருடம் கழித்து, 1945இல், புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தபோது, இத்தாலியின் அரெட்சோ வகைச் சிவப்பு ஓடுகள் கிடைத்தன. அவற்றின் காலம் ஐரோப்பாவில் ஏற்கெனவே வகுக்கப்பட்டிருந்ததால், அவற்றோடு கிடந்த உள்ளூர் மட்கலங்களுக்கும் காலம் சொல்ல முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலின் காலக்கணக்குக்கு அது ஒரு ஊன்றுகோல். மைசீனியின் உடைந்த பானைகளை மதித்த அந்த நண்பர்கள் இருவரின் மரபு, ஒரு மாணவர் வழியாக, அரியாங்குப்பம் ஆற்றங்கரை வரை வந்திருக்கிறது.

1880இலிருந்து 1894 வரை பெர்லின் அருங்காட்சியகத்தில் உதவியாளர் பணி. மேலே சொன்ன மட்கலப் பட்டியல் அங்கே எழுதியதுதான். 1896இல் அதே சேகரிப்பின் செதுக்கு கற்களுக்கும் பட்டியல் வெளிவந்தது: மோதிரக் கற்கள், முத்திரைக் கற்கள் எல்லாம் சேர்த்துப் பதினோராயிரத்துக்கும் மேல். நகத்தளவு கல்லில் வெட்டிய உருவத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, பழையதா, மறுமலர்ச்சிக் காலத்து நகலா, 18ஆம் நூற்றாண்டுப் போலியா என்று ஒவ்வொன்றுக்கும் முடிவு சொல்ல வேண்டும். பதினோராயிரம் தடவை! இதன் மேல்தான் 1900இல் பண்டைய செதுக்கு கற்கள் பற்றிய அவருடைய மூன்று தொகுதி வரலாறு எழுந்தது. அந்தத் துறை உருவானதே அந்த நூலிலிருந்து என்று சொன்னால் மிகையில்லை.

பெர்லினில் அவருக்கு மனக்குறையும் உண்டு. சிற்பப் பிரிவின் தலைமையும் பேராசிரியர் இடமும் 1889இல் ரைன்ஹார்ட் கெகுலேவுக்குப் போயின. ஃபுர்ட்வெங்லர் எழுத்தில் கடுமையானவர், எதிராளியை விட்டுவைக்காதவர். பதவி தேடி வரும் சுபாவம் அது இல்லை. ஆனால் அந்தக் கசப்பான வருடங்களில்தான் அவர் பெரிய நூலை எழுதினார்: 1893இல் வந்த ‘கிரேக்கச் சிற்பத்தின் தலைசிறந்த படைப்புகள்’. இரண்டு வருடத்தில் யூஜினி செல்லர்ஸ் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்.

அந்த நூல் எதைச் செய்தது என்று புரிய, ஒரு அடிப்படைச் சிக்கல் தெரிய வேண்டும். ஃபெய்டியாஸ், பொலிக்ளைடஸ், மைரன் என்று பெரிய கிரேக்கச் சிற்பிகளைக் கேள்விப்படுகிறோமே, அவர்களுடைய வெண்கலச் சிலைகளில் ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை. வெண்கலத்தை உருக்கிவிட்டார்கள். நம்மிடம் இருப்பவை ரோமானியப் பணக்காரர்கள் தங்கள் வீட்டுக்கும் குளியல் மண்டபத்துக்கும் செய்வித்த பளிங்குப் பிரதிகள். அதுவும் தலை ஓரிடம், உடல் ஓரிடம். ஒரே சிலைக்கு ஐந்து பிரதி இருந்தால் ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எல்லாவற்றிலும் பொதுவாக வருகிறதோ அது மூலத்தில் இருந்தது, எது ஒன்றில் மட்டும் வருகிறதோ அது நகல் செய்தவன் சேர்த்தது என்று பிரிக்கலாம். சங்க இலக்கிய ஏடுகளில் பாடபேதம் பார்த்து மூலபாடத்தைத் தேடுகிற பதிப்பாசிரியர் செய்யும் வேலையும் இதுதான். புகைப்படமும் பிளாஸ்டர் வார்ப்பும் பெருகிய காலம் அது. இந்த முறையை முழு வீச்சில் செய்துகாட்டியவர் ஃபுர்ட்வெங்லர்.

அந்த நூலின் புகழ்பெற்ற உதாரணம் லெம்னிய அதீனா. ஏதென்ஸ் அக்ரோபோலிஸில் ஃபெய்டியாஸ் செய்த அதீனாக்களில் மிகவும் பார்க்கத்தக்கது லெம்னோஸ் தீவுக்காரர்கள் காணிக்கையாக வைத்த சிலைதான் என்று பௌசானியஸ் எழுதியிருக்கிறார். இன்னொரு பழைய எழுத்தாளர் லூசியனும் அதைப் புகழ்கிறார். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் ஒரே மாதிரி இரண்டு அதீனா உடல்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றில் ஒட்டியிருந்த தலை, பழுதுபார்த்த பகுதிகளைக் கழற்றிப் பார்த்தபோது, இத்தாலியில் போலோஞ்ஞா நகரத்தில் இருக்கும் ஒரு தலையின் சாயலில் இருந்தது. அந்தத் தலை தலைக்கவசம் இல்லாதது, கூந்தலில் ஒரு நாடா மட்டும். அதுவரை அது ஒரு இளைஞனுடையதா பெண்ணுடையதா என்றுகூடக் கருத்து வேறுபாடு இருந்தது. ஃபுர்ட்வெங்லர் அதன் வார்ப்பைக் கொண்டுவந்து மற்றொரு டிரெஸ்டன் உடலின் கழுத்துக் குழியில் வைத்துப் பார்த்தார். பொருந்தியது. கவசத்தைக் கையில் எடுத்துக் குனிந்து பார்க்கும், வெறுந்தலையோடு நிற்கும் அதீனா. இருபத்து மூன்று நூற்றாண்டுக்கு முந்திய சிலை, இரண்டு நகரங்களிலிருந்து வந்து ஓர் அறையில் சேர்ந்தது.

இது இன்றைக்கும் அப்படியே ஏற்கப்படுகிறதா? முழுக்க இல்லை. 1983இல் கிம் ஹார்ட்ஸ்விக் என்ற அமெரிக்க ஆய்வாளர் தலைக்கும் உடலுக்கும் சம்பந்தமில்லை, ஃபெய்டியாஸுக்கும் சம்பந்தமில்லை என்று வாதிட்டார். 1987இல் ஓல்கா பலாஜியா ஃபுர்ட்வெங்லர் பக்கம் நின்று பதில் எழுதினார். தலையும் உடலும் சேருகின்றன என்பதில் பலாஜியா பக்கம்தான் எனக்கு வலுவாகத் தெரிகிறது. அதைச் செய்தது ஃபெய்டியாஸ் என்பதற்கான சான்று அவ்வளவு கெட்டியானதில்லை. முறையையே கேள்வி கேட்டவர்களும் உண்டு. ரோமானியர் வெறும் நகல் எடுப்பவர்கள் இல்லை, பழைய பாணியை எடுத்துத் தாங்களே புதிதாகப் படைத்தவர்கள், அந்தச் சிலைகளை ரோமானியப் படைப்பாகவே பார்க்க வேண்டும் என்று பால் ட்சாங்கர் 1974இல் எழுதிய பிறகு யாரும் பழைய நம்பிக்கையோடு பேச முடியவில்லை. நியாயமான திருத்தம். அதே சமயம் 1954இல் நேப்பிள்ஸ் வளைகுடாவில் பாயே என்ற இடத்தில் ஒரு பண்டைய பட்டறையின் பிளாஸ்டர் வார்ப்புத் துண்டுகள் கிடைத்தன. கிரேக்க வெண்கல மூலங்களிலிருந்தே நேரடியாக எடுத்த அச்சுகளில் வார்த்தவை. ஆக, ரோமானியச் சிற்பிகள் துல்லியமான நகலும் எடுத்தார்கள். ஃபுர்ட்வெங்லர் ஊகமாக வைத்திருந்த அடித்தளத்துக்கு அவர் இறந்து அரை நூற்றாண்டு கழித்துப் பொருள் சான்று கிடைத்தது.

அதே நூலில் மீலோஸ் வீனஸ் பற்றிய பகுதியும் படிக்க வேண்டியது. 1820இல் மீலோஸ் தீவில் அந்தச் சிலை கிடைத்தபோது, மையாண்டர் நதிக்கரை அந்தியோக்கியாவைச் சேர்ந்த ஒரு சிற்பி செய்ததாகச் சொல்லும் பீடத் துண்டும் சேர்ந்து வந்தது. சிற்பியின் பெயரில் கடைசிப் பகுதி மட்டும்தான் மிச்சம். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் அந்தத் துண்டு காணாமல் போயிற்று. ஒரு பழைய வரைபடம் மட்டும் தங்கியது. சிலையைக் கிரேக்கச் செவ்வியல் காலத்துச் சொத்தாகவே வைத்திருக்க விரும்பியவர்களுக்கு அந்தக் கல்வெட்டு சங்கடம். அந்த அந்தியோக்கியா நகரமே அலெக்ஸாண்டருக்குப் பிந்தியது அல்லவா? ஃபுர்ட்வெங்லர் அந்த வரைபடத்தை வைத்து, துண்டு சிலையின் பீடத்தைச் சேர்ந்ததே, சிலை பிற்காலத்தது என்று பிடிவாதமாக நின்றார். இன்று கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட காலம்.

லூவ்ரோடு அவருக்கு இன்னொரு மோதலும் உண்டு. 1896இல் லூவ்ர் ஒரு பொன் மணிமுடியை 2,00,000 ஃப்ராங்குக்கு வாங்கியது. கருங்கடல் கரையில் ஓல்பியா நகரத்தார் சைத்தஃபர்னஸ் என்ற அரசனுக்கு அளித்ததாக அதில் கிரேக்கத்தில் எழுத்து. ஹோமரின் காட்சிகள், அந்தப் பகுதியின் நாடோடி மக்களான சித்தியரின் வாழ்க்கைக் காட்சிகள் எல்லாம் அதில் புடைத்து நின்றன. அதே வருடமே ஃபுர்ட்வெங்லர் போலி என்று எழுதினார். முதல் சந்தேகக் குரல் அவருடையது இல்லை. ரஷ்யாவிலிருந்தும் குரல்கள் எழுந்தன. ஆனால் பாணியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டியது இவர்தான். பல காலத்து உருவங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன, சேதங்கள் முக்கியமான உருவங்களை விட்டுவிட்டு வெற்றிடத்திலேயே விழுந்திருக்கின்றன என்றார். எங்கிருந்து அந்த உறுதி? பதின்மூன்று வருடத்துக்கு முன்பே, அன்றைய ஜெர்மனியின் பிராண்டன்பர்க்கில் ஃபெட்டர்ஸ்ஃபெல்டே என்ற ஊரின் வயலில் கிடைத்த சித்தியப் பொற்குவியலைப் பற்றி அவர் நூல் எழுதியிருந்தார். அதிலுள்ள பொன் மீனையும் விலங்கு உருவங்களையும் ஒவ்வொரு தட்டாகத் தட்டிப் பார்த்தவர். உண்மையான சித்தியப் பொன் எப்படி இருக்கும் என்று அவர் கைக்குத் தெரியும்.

பிரெஞ்சு அறிஞர்கள் ஏற்கவில்லை. ஜெர்மன்காரர் பொறாமையில் பேசுகிறார் என்ற பேச்சும் எழுந்தது. 1903இல் ஒடெஸாவிலிருந்து இஸ்ரயேல் ரூகமோவ்ஸ்கி என்ற பொற்கொல்லர் பாரிஸ் வந்தார். செய்தது நான்தான் என்றார். நம்பாதவர்கள் முன்னால் உட்கார்ந்து மணிமுடியின் ஒரு பகுதியை மறுபடி செய்து காட்டினார். அவர் மோசடிக்காரர் இல்லை, ஒரு பேராசிரியருக்குப் பரிசளிக்க என்று சொல்லி வணிகர்கள் செய்வித்தது அது என்பதும் வெளிவந்தது. அவருடைய கைத்திறனை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதைதான்.

1894இல் ஆசிரியர் ப்ருன் இறந்தார். மியூனிக் பல்கலைக்கழகம் அந்தப் பேராசிரியர் இடத்தை ஃபுர்ட்வெங்லருக்குக் கொடுத்தது. கூடவே கிளிப்டோதெக் சிற்பக் கூடத்தின் பொறுப்பு. பின்னாளில் ரோமில் ஜெர்மன் தொல்லியல் நிறுவனத்தை நடத்திய லூட்விக் கூர்ட்டியுஸ், மியூனிக்கிலேயே பேராசிரியரான எர்ன்ஸ்ட் புஷோர் முதலியவர்கள் அவரிடம் படித்தவர்கள். கூர்ட்டியுஸ் கொஞ்ச காலம் சிறுவன் வில்ஹெல்முக்கு வீட்டு ஆசிரியரும்கூட. மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைத்தார் அடோல்ஃப். அம்மா அடெல்ஹைட் ஓவியர். அம்மா வழித் தாத்தா இசையமைப்பாளர் ப்ராம்ஸின் நண்பர். ஏகினா அகழாய்வுக்கு மகனையும் அழைத்துப் போனார். பதினைந்து வயதில், கடலைப் பார்த்த குன்றின் மேல், தூண்களுக்கு நடுவே அந்தப் பையன் உலவியிருக்கிறான்.

ஏகினாவுக்கு வருவோம். கிளிப்டோதெக்கின் பெருமையே ஏகினாக் கோயிலின் முக்கோண முகப்புகளில் இருந்த போர்வீரர் சிலைகள்தான். 1811இல் இங்கிலாந்து, ஜெர்மனி நாட்டு இளைஞர்கள் சிலர் அவற்றைத் தோண்டி எடுத்தார்கள். மறு வருடம் நடந்த ஏலத்தில் பவேரிய இளவரசர் லூட்விக் வாங்கினார். உடைந்த இடங்களை ரோமில் டேனிஷ் சிற்பி தோர்வால்ட்சன் புதிய பளிங்கு வைத்து நிரப்பினார். அந்தச் சிலைகளுக்கு இப்போது பொறுப்பாளர் ஃபுர்ட்வெங்லர். கோயில் யாருடையது என்பதே நிச்சயமில்லை. ஸியூஸ் என்றார்கள், அதீனா என்றார்கள். 1901இல் பவேரியாவின் ஆதரவோடு அவர் போய்த் தோண்டினார். கி.மு. 6ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று கிடைத்தது: கிளியோய்டஸ் பூசாரியாக இருந்தபோது அஃபையாவுக்கு வீடு கட்டப்பட்டது, பலிபீடமும் தந்தமும் சேர்க்கப்பட்டன, சுற்று அடைப்பும் எழுப்பப்பட்டது. அந்தத் தீவுக்கே உரிய தேவதை அஃபையா. அந்தத் தீவில் அவளுக்குக் கோயில் இருப்பதாகப் பௌசானியஸ் முன்பே எழுதியிருந்தார். ஆனாலும் நிலத்தில் நிற்கும் இந்தக் கோயிலோடு அந்தப் பெயர் சேரவில்லை. நம் ஊரில் ஒரு பெரிய கோயிலைச் சிவன் கோயில், பெருமாள் கோயில் என்று பலரும் சொல்லிக்கொண்டிருக்க, கடைசியில் அது அந்த ஊர் அம்மனுடையது என்று கல்வெட்டு சொல்வது போல.

கல்வெட்டோடு அவர் நிற்கவில்லை. முன்பு தோண்டியவர்கள் விட்டுப்போன துண்டுகளைத் தேடித் தேடி எடுத்தார். ஒவ்வொரு சிலையும் முகப்பில் எங்கே நின்றது என்று மறுபடி கணக்கிட்டார். தோர்வால்ட்சன் சேர்த்த கைகால்கள் பல இடங்களில் அசைவையே மாற்றிவிட்டதைக் காட்டினார். பளிங்கில் ஒட்டியிருந்த நிறத் தடங்களைக் குறித்துக்கொண்டு, வண்ணம் பூசிய சிறிய மாதிரி ஒன்றும் செய்து வைத்தார். 1906இல் எர்ன்ஸ்ட் ஃபீஷ்டர், ஹெர்மன் டியெர்ஷ் ஆகியோர் துணையோடு முழு வெளியீடு. 1960களில் தோர்வால்ட்சனின் சேர்ப்புகளைக் கழற்றி எடுத்தார்கள். 2003இல் அதே கிளிப்டோதெக்கில் வண்ணக் கடவுளர் கண்காட்சியில் ஏகினா வில்லாளன் பளிச்சென்ற நிறங்களோடு நின்றபோது உலகமே வியந்தது. வெள்ளைப் பளிங்கு மயக்கத்திலிருந்து வெளியே வரும் அந்த வேலை, நூறு வருடத்துக்கு முன்பே அதே கட்டடத்தில் தொடங்கிவிட்டது.

அவர் தவறிய இடத்தையும் சொல்ல வேண்டும். ருமேனியாவில் அடாம்கிளிஸி என்ற இடத்தில் ரோமானிய வெற்றிச் சின்னம் ஒன்று இருக்கிறது. ட்ராஜன் பேரரசர் கி.பி. 109இல் எழுப்பியது என்று கல்வெட்டே சொல்கிறது. ஃபுர்ட்வெங்லரோ சிற்பங்களின் பாணியைப் பார்த்து, இது கி.மு. 29ஐ ஒட்டிக் கிராஸஸ் என்ற ரோமானியத் தளபதி அடைந்த வெற்றிக்கானது, ட்ராஜன் புதுப்பித்தார் அவ்வளவே என்று சாதித்தார். எதிர்த்தவர்களைச் சாடித் தனி நூலே எழுதினார். இன்று யாரும் அதை ஏற்பதில்லை. கிரேக்கக் கலையில் பத்தாயிரம் பொருள் பார்த்த கண் அது. எல்லைப்புறப் படைவீரர்கள் வெட்டிய முரட்டுச் சிற்பத்தில் அந்த அளவுக்கு ஒப்பீட்டுப் பொருள் அவரிடம் இல்லை; யாரிடமும் அப்போது இல்லை. ஆனாலும் பழைய உறுதியோடேயே பேசினார். அடித்தளம் இருந்த இடத்தில் அவருடைய பிடிவாதம் பலம், இல்லாத இடத்தில் அதுவே பள்ளம்.

1907இல் மறுபடி ஏகினா. அங்கே வயிற்றுக்கடுப்பு பிடித்தது. அக்டோபர் 10ஆம் தேதி ஏதென்ஸில் இறந்தார். வயது 54. மூத்த மகனுக்கு அப்போது 21. இசை வாழ்க்கையைத் தொடங்கியிருந்த நேரம். ஏதென்ஸின் முதல் கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம் செய்தார்கள். மூன்று வருடத்துக்கு முன்பு ஏகினாவில் அவர் கண்டெடுத்த ஸ்பிங்க்ஸின் பிரதி ஒன்று அந்தக் கல்லறை மேல் உட்கார்ந்திருக்கிறது.

அவரை எங்கிருந்து படிப்பது என்று கேட்டால், ஜெர்மன் தெரியாவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது. கார்ல் ரைக்ஹோல்ட் என்ற ஓவியரோடு சேர்ந்து அவர் தொடங்கிய கிரேக்க மட்கல ஓவியத் தொகுப்பைத் திறந்து பாருங்கள். ஹைடல்பெர்க் பல்கலைக்கழக நூலகம் அதை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பானையின் வளைவில் இருக்கும் ஒவ்வொரு கோட்டையும், ஓவியன் தூரிகையை எங்கே அழுத்தினான், எங்கே எடுத்தான் என்பது தெரிகிற மாதிரி, ரைக்ஹோல்ட் தட்டையான தாளுக்குக் கொண்டுவந்திருக்கிறார். முதல் படங்களிலேயே ஃபிளாரன்ஸின் ஃபிரான்சுவா மட்கலம் வரும். 1900இல் அருங்காட்சியகக் காவலர் ஒருவர் ஆத்திரத்தில் உடைத்து 638 துண்டுகளாக்கிய அதே மட்கலம். முதலில் படத்தைக் கொஞ்ச நேரம் பாருங்கள். பிறகு ஃபுர்ட்வெங்லரின் விளக்கத்தை யாராவது மொழிபெயர்த்துச் சொல்லக் கேளுங்கள். அந்த வரிசையில்தான் அவரும் பார்த்தார்.